ஐரோப்பாவில் ஸ்கீயிங்: எந்த வாரம், எந்த மலை? முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிறந்தால் போதும், எனக்கு இந்த போன் வந்துவிடும். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா மகன். "தம்பி, குடும்பத்தோட ஸ்கீயிங் வரலாம்னு இருக்கோம். ஸெர்மாட் நல்லா இருக்குமா, ஷமோனி நல்லா இருக்குமா?" முதலாவது சுவிட்சர்லாந்தில், இரண்டாவது பிரான்ஸில், இரண்டும் ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு ஊர்கள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்த வாரம்ண்ணா லீவு?"

அவருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மியூனிக்குக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், படத்தில் பார்த்த ஒரு அழகான ஆஸ்திரிய கிராமத்தில் மார்ச் கடைசியில் நாலு நாள் அறை எடுத்தேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். போய் இறங்கினால் பச்சைப் புல்வெளி, அதன் நடுவே செயற்கைப் பனியில் ஒரு வெள்ளைக் கோடு. காலை எட்டரைக்கு அந்தக் கோடு கண்ணாடிபோல் இறுகியிருந்தது. பதினொரு மணிக்கு இடியாப்ப மாவு பதத்துக்கு வந்தது. ஒரு மணிக்கு ஸ்கீயின் அடியில் கல் உரசும் சத்தம் கேட்டது. பனி இருந்த மேல்மலைக்கு லிஃப்ட் (ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவண்டி) போனது, ஆனால் அங்கே இருந்தவை பழகியவர்களுக்கான தடங்கள். கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவு ஊருக்குள்ளேதான் இருந்தது. அந்த ஊர் மோசமான ஊர் இல்லை. ஜனவரியில் போயிருந்தால் அருமையாக இருந்திருக்கும்.

முதலில் வாரம், அடுத்து உயரம், அடுத்து உங்கள் திறமை, கடைசியில்தான் ஊரின் பெயர். பலரும் ஊரின் பெயரிலிருந்து தொடங்குவதால்தான் பணமும் லீவும் வீணாகின்றன. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வாரத்தை முடிவு செய்யுங்கள்

ஆல்ப்ஸ் மலையில் ஸ்கீ காலம் பொதுவாக டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. அதற்குள் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு குணம் உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை பனியாறுகள் (கோடையிலும் கரையாத பனிக்கட்டிப் படுகைகள்) உள்ள இடங்களை மட்டும்தான் நம்பலாம். ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ், ஸோல்டன், ஸ்டூபாய், சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் போன்றவை. உலகக் கோப்பைப் போட்டிகளே அக்டோபர் கடைசியில் ஸோல்டன் பனியாற்றில்தான் தொடங்குகின்றன. தடங்கள் குறைவு, குளிர் அதிகம், கூட்டத்தில் பாதி பயிற்சிக்கு வந்த அணிகள். முதல்முறை போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம் வருடத்திலேயே விலை அதிகமான வாரங்களில் ஒன்று. ஆனால் பனி அந்த விலைக்கு ஏற்றபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிர்காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கும், தாழ்வான ஊர்களில் பல வருஷம் மண் தெரியும். அரையாண்டு விடுமுறையை நம்பி வருகிறவர்களுக்கு வேறு வழி இல்லைதான். அப்படியானால் தங்கும் ஊரே 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும்படி பாருங்கள்.

ஜனவரி 6 எபிஃபனி பண்டிகை முடிந்ததும் ஆல்ப்ஸ் சட்டென்று அமைதியாகிவிடும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை அறை வாடகை இறங்கும், லிஃப்ட் வரிசை சுருங்கும், பனி உலர்ந்து மாவுபோல் கிடக்கும். நம்மூர் பொங்கல் விடுமுறை மிகச் சரியாக இந்தச் சமயத்தில்தான் வருகிறது. முன்னும் பின்னும் சில நாள் லீவு சேர்த்தால் ஒரு வாரம் கிடைத்துவிடும். இதை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். குறை என்னவென்றால் குளிர். மலை உச்சியில் மைனஸ் 10, மைனஸ் 15 சாதாரணம். பகலும் குறுகியது, நாலு மணியோடு லிஃப்டுகள் நின்றுவிடும். சின்னக் குழந்தைகளுக்கு நாள் முழுக்க வெளியே தாங்காது.

பிப்ரவரியில் பனி மிக நன்றாக இருக்கும், கூட்டமும் அப்படியே. பிரான்ஸில் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரக் குளிர்கால விடுமுறையை மாற்றி மாற்றி விடுகிறார்கள். மொத்தத்தில் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை நாலு வாரம் பிரெஞ்சு மலைகள் நிரம்பி வழியும். பிரிட்டனின் அரைப்பருவ விடுமுறையும் பிப்ரவரி நடுவில்தான். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியின் சில மாநிலங்கள் கார்னிவல் வாரத்தில் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் கிளம்பும். குழந்தைகளின் பள்ளி கட்டாயப்படுத்தாவிட்டால் பிப்ரவரியைத் தவிர்ப்பது நல்லது.

என் வாரம் எது என்று கேட்டால், மார்ச் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரம். மூன்று மாதப் பனி அடியில் கெட்டியாக இருக்கும். பகல் நீளும், வெயில் முகத்தில் உறைக்கும், மதியம் மலைக்குடிலின் மரப்பலகையில் உட்கார்ந்து ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சூப் குடிக்கலாம். பள்ளி விடுமுறைக் கூட்டம் போயிருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர் குளிரில் விறைக்காமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும். அதனால் முதல்முறை வருகிறவர்களுக்கு உயரமான ஊராகப் பார்த்து இந்த வாரத்தையே சொல்கிறேன். ஈஸ்டர் எப்போது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 2027இல் மார்ச் 28ஆம் தேதியே வந்துவிடுகிறது, 2028இல் ஏப்ரல் 16. ஈஸ்டரை ஒட்டிய நாட்களில் விலை மறுபடி ஏறும்.

ஏப்ரலில் பிரான்ஸின் வால் தொரான்ஸ், ஸெர்மாட், ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல், ஹின்டர்டக்ஸ் போன்ற உயரமான இடங்கள் மட்டும். வால் தொரான்ஸ் வழக்கமாக மே தொடக்கம் வரை திறந்திருக்கும். ஹின்டர்டக்ஸ், ஸெர்மாட் இரண்டிலும் பனியாற்றின் மேல் வருடம் முழுவதும் ஸ்கீ நடக்கும். மே மாதக் கோடை லீவில்தான் வர முடியும் என்பவர்களுக்கு நேர்மையான பதில் இந்த இரண்டு பெயர்கள்தான். ஆனால் ஸெர்மாட்டில் மேல் நிலையம் 3,883 மீட்டரில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து வந்து மறுநாளே அங்கே ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். இரண்டு நாள் கீழே பழகிவிட்டு ஏறுங்கள்.

இரண்டாம் படி: உயரத்தைச் சரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு ஊரின் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் உச்சியின் உயரம். ஒரு லிஃப்ட் மட்டும் அங்கே போய் நிற்கும். மீதி எல்லாம் ஆயிரம் மீட்டர் கீழே. நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: ஊர் எந்த உயரம், பெரும்பாலான தடங்கள் எந்த உயரம், கற்றுக்கொள்பவர்களின் சரிவு எந்த உயரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் விட்டதும் அதைத்தான்.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி இறங்கும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் ஊர் 762 மீட்டரில் இருக்கிறது, வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 9 டிகிரி வித்தியாசம். கிட்ஸ்பூயலில் மழை பெய்யும் அதே வேளையில் வால் தொரான்ஸ் உயரத்தில் கொட்டுவது பனியாக இருக்கும்.

ஆனால் உயரம் மட்டுமே கணக்கு இல்லை. கிட்ஸ்பூயலின் சரிவுகள் கோடையில் மாடு மேயும் புல்வெளிகள். அதனால் கொஞ்சம் பனி விழுந்தாலே ஸ்கீ செய்ய முடியும். பாறை நிறைந்த மலைக்கு அதைவிடப் பல மடங்கு பனி வேண்டும். வடக்கு பார்த்த சரிவில் வெயில் படாது, பனி நிற்கும். தெற்கு பார்த்த சரிவு மார்ச்சில் மதியத்துக்குள் இளகிவிடும். தடங்களின் வரைபடத்தைப் பார்க்கும்போது மலை எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று சாதாரண இணைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, ஆல்ப்ஸ் ஒரு சுவர் மாதிரி. வடமேற்கிலிருந்து வரும் புயல் வடக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, தெற்குப் பக்கத்துக்கு வெறும் காற்றாகப் போகும். தெற்கிலிருந்து வந்தால் தலைகீழ். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் உள்ள லெக், வார்ட் போன்ற ஊர்களுக்கு அந்த வடமேற்குப் பனி நேராக விழுகிறது. குளிர்காலம் முழுவதும் சேர்த்தால் சுமார் 10 மீட்டர். இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் வானத்துப் பனி சில வருஷம் மிகக் குறைவு. ஆனால் அங்கே ஏறத்தாழ எல்லாத் தடங்களுக்கும் பனிபீச்சும் இயந்திரங்கள் உண்டு, இரவுக் குளிரும் அதற்குத் தோதானது. காடும் கூரைகளும் வெறுமையாக இருக்க, தடம் மட்டும் விரிப்புபோல் சீராகக் கிடப்பதை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

மிக உயரமான ஊர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஆல்ப்ஸில் ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் மரம் இல்லை. மேகம் இறங்கிவிட்டால் கண்ணுக்குப் பிடிமானமே இருக்காது. ஒரு ஜனவரியில் அப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். தரை வெள்ளை, வானம் வெள்ளை, நடுவில் கோடு இல்லை. பாலுக்குள் நிற்பதுபோல். நின்றுவிட்டேன் என்று நினைத்தபோது ஸ்கீ மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வதாக நினைத்தபோது நின்றுகொண்டிருந்தேன். வயிற்றைப் புரட்டியது. தடத்தின் ஓரக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் ஜனவரிக்கு மரங்களுக்கு நடுவே தடங்கள் உள்ள ஊராகவும், மார்ச் நடுவிலிருந்து மரம் இல்லாத உயரமான ஊராகவும் பார்க்கச் சொல்வேன்.

ஸ்கேண்டிநேவியாவுக்கு இந்த உயரக் கணக்கைக் கொண்டு போகாதீர்கள். பின்லாந்தின் லெவி மலை வெறும் 531 மீட்டர்தான். ஆனால் அது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. அங்கே பனி நவம்பரிலேயே நிற்கும். டிசம்பரின் பெரும்பகுதியில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது, விளக்கு வெளிச்சத்தில்தான் ஸ்கீ. மார்ச், ஏப்ரலில் போனால் நீண்ட பகல், நல்ல பனி இரண்டும் கிடைக்கும்.

மூன்றாம் படி: உங்கள் திறமைக்கு எவ்வளவு மலை வேண்டும்?

பிரெஞ்சு ஆல்ப்ஸின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியில் 600 கி.மீ. தடங்கள், டோலமைட்ஸ் கூட்டமைப்பின் பாஸில் (எல்லா லிஃப்டுக்கும் ஒரே டிக்கெட்) 1,200 கி.மீ. கேட்கவே மலைப்பாக இருக்கும். முதல்முறை வருகிறவர் முதல் மூன்று நாளில் பயன்படுத்தப்போவது நகரும் பட்டை ஒன்று, சின்ன லிஃப்ட் ஒன்று, இரண்டு சரிவு. அவ்வளவுதான். பெரிய பகுதியின் பாஸுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பயிற்சியாளருக்குக் கொடுங்கள். பெரிய ஆல்ப்ஸ் ஊர்களில் ஒரு நாள் பாஸ் 70 யூரோவைத் தாண்டிவிட்டது. தொடக்க லிஃப்டுகளுக்கு மட்டுமான குறைந்த விலைப் பாஸ் பல ஊர்களில் உண்டு. சில ஊர்களில் அந்த லிஃப்டுகள் இலவசம். கேட்டால்தான் சொல்வார்கள்.

தொடங்குகிறவர் ஊரைத் தேர்வு செய்யும்முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். கற்றுக்கொள்பவர்களின் சரிவு எந்த உயரத்தில் இருக்கிறது? அதிலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக நீண்ட, மென்மையான நீலத் தடம் (எளிய தடம்) உண்டா? களைத்துப்போனால் லிஃப்டிலேயே ஊருக்குத் திரும்ப முடியுமா? மூன்றாவது மிக முக்கியம். முழங்கால் நடுங்கும் மாலை மூன்றரை மணிக்கு, செங்குத்தான ஒரே தடம் வழியாகத்தான் வீடு திரும்ப முடியும் என்றால் விபத்துக்கு வேறு காரணம் தேவையில்லை.

நிறங்களைப் பற்றி ஒரு குறிப்பு. பிரான்ஸ், ஸ்பெயின், அண்டோராவில் மிக எளியது பச்சை, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலத்திலிருந்தே தொடக்கம். அதனால் ஆஸ்திரியாவின் ஒரு நீலம் பிரான்ஸின் பச்சைபோல் இருக்கலாம், அடுத்த நீலம் உங்களைத் திணறடிக்கலாம்.

நீலத்தில் நிம்மதியாக இறங்கி, சிவப்பையும் சமாளிக்கிறவர்களுக்குத்தான் பெரிய பகுதிகள் பலன் தரும். என் மனதுக்கு மிகப் பிடித்தது டோலமைட்ஸின் செல்லா ரொண்டா. ஒரே மலைத்தொகுதியைச் சுற்றி லிஃப்டும் தடமுமாக ஏறத்தாழ 40 கி.மீ., நாலு கணவாய்கள், ஒரு முழு நாள். கடிகாரச் சுற்றுக்கு ஆரஞ்சு பலகை, எதிர்ச்சுற்றுக்குப் பச்சை. காலை பத்துக்குள் தொடங்கி, மாலை மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். தாமதமானால் லிஃப்ட் நின்றுவிடும், அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து டாக்ஸி பிடித்து வரவேண்டும்.

நன்கு தேர்ந்தவர்களுக்கு ஆஸ்திரியாவின் ஸாங்க்ட் ஆண்டன், சுவிட்சர்லாந்தின் வெர்பியே, பிரான்ஸின் ஷமோனி. ஷமோனியில் 3,842 மீட்டர் உயரமுள்ள ஏகுய் து மிடி சிகரத்திலிருந்து இறங்கும் வாலே பிளான்ஷ் சுமார் 20 கி.மீ. பனியாற்றுப் பயணம். அது பராமரிக்கப்படும் தடம் அல்ல, பனிப்பிளவுகள் உண்டு. வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. தடத்தை விட்டு வெளியே எங்கே போவதானாலும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். அது 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று எண்ணுகிறவர்கள் பலர். உயிரிழப்புகளில் பெரும் பங்கு அந்த 3இல்தான் நடக்கிறது.

வீட்டில் ஸ்கீ செய்யாதவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் சேர்த்து யோசியுங்கள். அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வால் தொரான்ஸ் போனால் அவர்கள் ஒரு வாரம் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். ஸெர்மாட்டில் கோர்னர்கிராட் ரயிலில் 3,089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம், மேட்டர்ஹார்ன் சிகரம் எதிரே நிற்கும். சுவிஸ் ஊரான கிரிண்டெல்வால்டில் 15 கி.மீ. நீளமுள்ள மரச்சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது, ஆனால் அதன் தொடக்கத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் மலையேறி நடக்க வேண்டும்.

நான்காம் படி: நாடு

பிரான்ஸ் உயரத்துக்கும் வசதிக்கும். பல ஊர்கள் ஸ்கீயிங்குக்கென்றே கட்டப்பட்டவை. கதவைத் திறந்தால் தடம். கட்டடங்கள் அழகில்லை, அறைகள் மிகச் சின்னவை. நாலு பேர் என்று போட்டிருந்தால் இரண்டு பேருக்கு எடுங்கள். சீசனில் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் தருவார்கள். சமையலறை இருப்பது நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆஸ்திரியா கிராமத்துக்கு. தேவாலயக் கோபுரம், மரவீடுகள், காலையும் இரவும் உணவு சேர்ந்த குடும்ப விடுதிகள், நல்ல பயிற்சிப் பள்ளிகள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆஸ்திரியாவைத்தான். பல ஊர்கள் தாழ்வானவை என்பதால் இரண்டாம் படியை மறந்துவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் காட்சியும் ரயிலும் ஈடில்லாதவை, செலவும் அப்படியே. இத்தாலியில் சாப்பாடும் வெயிலும். 2022 ஜனவரி முதல் இத்தாலியத் தடங்களில் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். இல்லாதவர்கள் பாஸ் வாங்கும்போதே சில யூரோ கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

செலவு குறைய வேண்டுமென்றால் பல்கேரியாவின் பான்ஸ்கோ. ஊர் 900 மீட்டரை ஒட்டி, தடங்கள் 2,600 மீட்டர் வரை. காலை ஒன்பதுக்கு ஊரிலிருந்து மேலே போகும் கோண்டோலாவுக்கான (மூடிய கம்பிவண்டி) வரிசை மிக நீளமாக இருக்கும். எட்டரைக்கு முன்பே போய் நில்லுங்கள். அண்டோராவின் சோல்டேவும் தொடக்கக்காரர்களுக்கு நல்லது, பயிற்சிப் பள்ளிக்குப் பெயர் பெற்றது. தென் ஸ்பெயினின் சியரா நெவாடாவில் ஊரே 2,100 மீட்டரில், மேலே 3,300 வரை. கிரனாடா நகரத்தின் அல்ஹம்ப்ரா அரண்மனையையும் ஸ்கீயையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஆனால் காற்று அடித்தால் எல்லா லிஃப்டும் மூடிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: மலைக்குடில்களில் பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். ஆஸ்திரியாவில் கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்த இனிப்பு அடை, பிளம் ஜாம் வைத்த கெர்ம்க்னோடல் உருண்டை, சீஸ் புரட்டிய கேஸ்ஷ்பெட்ஸ்லே. சுவிஸில் உருக்கிய சீஸ் உணவுகளான ராக்லெட், ஃபாண்டு. ஷ்பெட்ஸ்லேயிலும் சுவிஸ் உருளைக்கிழங்கு ரோஸ்டியிலும் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவிவிடுவார்கள். பிரான்ஸின் உருளைக்கிழங்கு-சீஸ் உணவான தார்த்திஃப்ளெட்டில் அது பெரும்பாலும் உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் விடுதிக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: விமான நிலையத்திலிருந்து லிஃப்ட் வரை

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்த நகரத்திலிருந்து மலைக்கு மூன்று மணி நேரக் கார் பயணம் என்றால் அது மலிவே இல்லை. ஜெனிவாவிலிருந்து ஷமோனி ஒன்றே கால் மணி நேரம்தான். ஆனால் பிப்ரவரி சனிக்கிழமைகளில் அல்பெர்வில், மூத்தியே வழியாக மூன்று பள்ளத்தாக்குகள் பக்கம் போகும் சாலை ஊர்ந்துதான் நகரும். ரயிலில் போகக்கூடிய ஊர்களை நான் எப்போதும் முன்னால் வைப்பேன். ஸாங்க்ட் ஆண்டனில் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே. பிரான்ஸின் பூர் சென் மோரீஸ் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே கயிற்று ரயில் ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600க்கு ஏற்றிவிடும். ஸெர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் நுழையவே முடியாது. தேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலிலோ டாக்ஸியிலோதான் போகவேண்டும்.

கார் எடுப்பவர்களுக்கு: ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆறாம் படி: விசா, காப்பீடு, உடுப்பு

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அண்டோரா ஷெங்கனில் இல்லை. பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் உள்ளே போய்த் திரும்ப முடியும். ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருந்தால் திரும்பும்போது சிக்கல். பலமுறை நுழையும் விசா கேளுங்கள். பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது.

விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை ஸ்கீ காப்பீடு என்று எண்ணிவிடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு சேராது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்பது சேர்ந்திருக்கிறதா, தடத்துக்கு வெளியே நடந்த விபத்துக்கு உண்டா என்று பாலிசியின் பொடி எழுத்தை உட்கார்ந்து படியுங்கள். ஆபத்தில் அழைக்க ஐரோப்பா முழுவதும் 112. சுவிஸ் மலை மீட்புக்கு 1414.

ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் நாலும் அங்கேயே வாடகைக்கு. கையுறை, கண்ணாடி, உள்ளே போடும் கம்பளி, நீண்ட மெல்லிய காலுறை ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்ஸ்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கடைக்காரர் முன் நின்று கொக்கிகளைப் போட்டு முழங்காலை முன்னால் மடக்குங்கள். பெருவிரல் முனையிலிருந்து மெல்லப் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. இரண்டு காலுறை போட்டால் கதகதப்பு என்று நினைத்துப் போடுவார்கள். இரத்த ஓட்டம் நின்று விரல் விறைப்பதுதான் நடக்கும். வலித்தால் அன்றே போய் மாற்றுங்கள், வாடகைக் கடையில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

ஏழாம் படி: எப்போது பணம் கட்டுவது?

கிறிஸ்துமஸ், பிப்ரவரி என்றால் செப்டம்பருக்குள் பதிவு செய்யுங்கள். ஜனவரி, மார்ச் என்றால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்துவைத்துக் காத்திருக்கலாம். விசா வேண்டாதவர்களுக்கு, அதாவது பாரிஸிலோ சூரிக்கிலோ இருக்கும் நம்மவர்களுக்கு, இது பெரிய வசதி.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது பனி ஆழத்தைப் பாருங்கள். ஊரில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு எண் தருவார்கள். மேலே 180 செ.மீ., கீழே 5 செ.மீ. என்றால் கற்றுக்கொள்பவர்களின் சரிவு எங்கே என்ற பழைய கேள்விக்குத் திரும்புங்கள். எண்ணைவிட நான் நம்புவது நேரலைக் கேமராவை. காலை எட்டுக்குப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள்: சரிவில் பழுப்புத் திட்டு உண்டா, லிஃப்ட் அடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், மொத்தத் தடங்களில் எத்தனை திறந்திருக்கிறது.

பெரியப்பா மகன் கதைக்கு வருகிறேன். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 7. யாரும் ஸ்கீ தொட்டதில்லை. பொங்கலா, கிறிஸ்துமஸா என்று பேசி, பள்ளி காரணமாகக் கிறிஸ்துமஸை எடுத்தார்கள். அந்த வாரத்துக்கு 1,800 மீட்டருக்கு மேல், குழந்தைகளுக்கு நல்ல பள்ளி, சைவம் எழுதிக் கேட்டால் செய்து தரும் விடுதி, மியூனிக்கிலிருந்து பகலுக்குள் போய்ச் சேரும் தூரம். இத்தனையையும் போட்டுச் சலித்தபோது பட்டியலில் ஸெர்மாட்டும் இல்லை, ஷமோனியும் இல்லை. மிஞ்சியது 1,930 மீட்டரில் இருக்கும் ஓபர்குர்கல். ஏழு நாள் அறை, நாலு நாள் பயிற்சி, பெரியவர்களுக்கு இரண்டு நாள் மட்டும் முழுப் பாஸ் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மதியம் பையன் நீலத் தடத்தில் இறங்கும் வீடியோ வந்தது. பின்னால் அண்ணனின் குரல்: "மெதுவாடா, அப்பா வரட்டும்!"